பல் இருந்த படம்

ஜனவரி 12

அன்புள்ள சுண்டெலிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் திடமாக இருக்கிறோம். அவர் பஸ்ஸை ஓட்டுகிறார், நான் அவரை ஓட்டுகிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கண்ணாடி பார்த்தே வயிறு நிரப்புகிறாயா?

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய சிவப்பு விளக்கு முகமூடியை ஒன்பது நாள் போட்டுக்கொண்டேன். தினமும் பத்து நிமிஷம், நீ எழுதியிருந்தபடி கண்ணை மூடிக்கொண்டு. போடும் முன் பார்ப்பேன், தாடைப் பக்கம் கடுகளவு சிவப்பாக ஒன்று மினுங்கும். சிவப்பு விளக்கு என்றால் அதுதான் போல என்று இருந்துவிட்டேன். இத்தனை பெரிய முகமூடியில் இத்தனூண்டு வெளிச்சமா என்று தோன்றியது. விலை கூடின சாமானை நாம் கேள்வி கேட்கலாமா என்று பேசாமல் இருந்தேன். பத்தாம் நாள் உன் மாமா தூசி தட்டும்போது எங்கேயோ அழுத்தித் தொலைக்க, சுவரெல்லாம் சிவந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தது சார்ஜ் குறைந்துவிட்டது என்று சொல்லும் விளக்காம்.

வெட்கக்கேடு அதுகூட இல்லை. அந்த ஒன்பது நாளும் பேக்கரியில் ஒவ்வொருத்தரிடமும் போய், "முகம் பளபளன்னு ஆயிடுச்சு பாருங்க" என்று காட்டினேன். அவர்களும் பார்த்துவிட்டு ஆமாம் என்றார்கள்.

மாவு பிசைகிறவளை உனக்குத் தெரியுமே, இடது கன்னத்தில் அடுப்புத் தட்டு சுட்ட தழும்பு இருக்கும். அவள்தான் கிண்டல் பண்ணினாள். "இருபத்திரண்டு வருஷமா அடுப்பு வெளிச்சத்துலதான நிக்கிற? அதுல வராத அழகு இதுல வந்துடுமா?" என்றாள். அப்புறம் மற்றவர்கள் போனதும் பக்கத்தில் வந்து, "ஏண்டி, இந்தத் தழும்பு போகுமா அதுல?" என்று கேட்டாள்.

நீ கேட்டபடி போட்டோக் கடைக்குப் போய் எடுத்த படம் இதோடு இருக்கிறது. நீலத் திரை, முக்காலி, பச்சைச் சட்டை, பல் தெரியச் சிரிப்பு. மாதம் ஒரு படம் எதற்கு என்று போட்டோக்காரர் கேட்டார். "என் தங்கச்சிக்கு என் மூஞ்சியப் பாக்கணுமாம்" என்றேன். "குடுத்து வச்சவங்கம்மா நீங்க" என்றார்.

புது ஆபீஸ் என்றாயே, என்ன ஆபீஸ்? துணிக்கடையை விட்டது மட்டும்தான் எழுதினாய். போனில் பேசினால் மூன்றாம் நிமிஷம் சண்டை வருகிறது, இனிமேல் கடிதம்தான் என்று சட்டம் போட்டவள் நீ. அதனால் விவரமாக எழுது. என் எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றதே உன்னைத் தூக்கி வைத்துக்கொள்ளத்தான். குற்றம் உன்னுடையது.

ஒன்று சொல்லட்டுமா? சிரிக்காதே. அம்மா போன பிறகு என் முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டவள் நீ ஒருத்திதான்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் நலமாக இருப்பது தெரிந்து சந்தோஷம்.

படம் வந்தது. நன்றாக இருக்கிறாய். அடுத்த படத்துக்கும் அதே சட்டை, அதே முக்காலி, அதே திரை இருக்கட்டும். தலையை இறுக்கிக் கட்டிக்கொள். பவுடர் வேண்டாம். சிரிப்பு முக்கியம், பல் தெரிய வேண்டும்.

ஆபீஸ் நன்றாகப் போகிறது. வேலை அதிகம்.

அன்புடன்
தங்கை


பிப்ரவரி 24

அன்புள்ள ஆபீசர் அம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் நல்லபடி. உன் மாமாவுக்கு மட்டும் வயிற்றில் எரிச்சல். கண்ட நேரத்தில் தின்றால் எரியாமல் என்ன செய்யும்? உனக்கு அந்தப் பழைய தலைவலி இப்போது எப்படி?

இரண்டாவது படம் வைத்திருக்கிறேன். அதே சட்டை என்று நீ எழுதியதால் அதைத் துவைக்காமல் எடுத்து வைத்தேன், சாயம் போய்விடும் என்று. போட்டோக்காரர் மூக்கைச் சுளித்தார். "படத்துல வாசனை வராதுங்க" என்று சமாதானம் சொன்னேன். முக்காலியின் கால் நின்ற இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து வைத்திருக்கிறார் மனிதர். "தங்கச்சி கேட்டா மாறாம இருக்கணும்ல" என்கிறார்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒரே முகம்தான் தெரிகிறது. வெளிச்சத்துக்கு என் தோல் கெட்டி போல. உனக்கு ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? தெரியாவிட்டாலும் தெரிகிறது என்று எழுது.

மாவுக்காரி தினமும் மத்தியானம் என் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாளாம். "என் தங்கச்சி ஒண்ணு குடுத்தா நல்லதாத்தான் இருக்கும்" என்று சொல்லி வைத்தேன்.

என்ன ஆபீஸ் என்று இன்னும் நீ சொல்லவில்லை. போலீசா?

அக்கா


மார்ச் 27

அன்புள்ள சுண்டெலி,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. நீ சுகமாக இருந்தால் போதும்.

உன் மாமாவுக்கு வயிற்றில் புண் வெடித்துவிட்டது. பஸ்ஸை நடுரோட்டில் ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங் மேலேயே கவிழ்ந்துவிட்டார். பயணிகள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஆபரேஷன் ஆகிவிட்டது. பிழைத்துவிட்டார், பயப்படாதே. பதினெட்டு நாளாக நான் அங்கே பெஞ்சிலும் பேக்கரியில் அடுப்பு முன்னாலும் மாறி மாறி இருக்கிறேன்.

மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்ததும் நான் குனிந்து பார்த்தேன். என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க யாரும்மா?" என்றார். மருந்து வேகம் என்று நர்ஸ் சொன்னாள். மறுநாள் சரியாகிவிட்டது. ஆனாலும் சுண்டெலி, இருபத்தேழு வருஷம் கூட இருந்த மனுஷனுக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். உன்னிடம்தான் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொரு கூத்து. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து முந்தாநாள் ரொட்டியைக் கடித்தேன், முன்பல் ஒன்று கையோடு வந்துவிட்டது. நான் சுட்ட ரொட்டி! யார்மேல் வழக்குப் போடுவது?

அதனால் இந்த மாதம் படம் வேண்டாம். பார்க்கிற மாதிரி இல்லை நான்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பார்த்தேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நீ தைரியசாலி.

படம் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே. எப்படி இருக்கிறாயோ அப்படியே போய் எடு. முகம் கழுவிக்கூட போக வேண்டாம். அதே சட்டை, அதே முக்காலி. பல் போனால் பரவாயில்லை, சிரி. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. சீக்கிரம் அனுப்பு.

அன்புடன்
தங்கை

மாமாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?


ஏப்ரல் 9

என் செல்லத்துக்கு,

உன் மாமா கஞ்சி குடிக்கிறார், என்னைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டார். அதனால் நலம் என்று எழுதலாம்.

பார்க்க வேண்டும் போல இருக்கிறது என்று எழுதினாயே, அந்த ஒரு வரிக்காகப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் போட்டோக் கடை. கண்ணுக்குக் கீழே இரண்டு பை தொங்குகிறது, அதில் மாவு கொட்டி வைக்கலாம். போட்டோக்காரர் கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "இன்னொரு நாள் வாங்களேம்மா" என்றார். "என் தங்கச்சிக்கு இப்பவே பாக்கணுமாம்" என்றேன். சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். ஓட்டை நன்றாக விழுந்திருக்கிறது.

படத்தைப் பார்த்து அழாதே. கொஞ்சம் தூங்கினால் சரியாகிவிடுவேன். முடிந்தால் இரண்டு நாள் லீவு போட்டு வா. முடியாவிட்டால் பரவாயில்லை.

உன்
அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

படம் கிடைத்தது. ரொம்ப நன்றி. மிகச் சரியாக இருக்கிறது. இனிமேல் படம் அனுப்ப வேண்டாம், இது போதும்.

லீவு இப்போது கிடைக்காது.

தங்கை


ஜூன் 9

தங்கைக்கு,

உன் மாமா நலம். போன வாரம் வேலைக்குத் திரும்பினார். நீ நலமாக இருப்பாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

நேற்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மாவுக்காரி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மாவு மேஜைமேல் வைத்தாள். வாங்கிவிட்டாள். ஆறு பேர் சுற்றி நின்றோம். முகமூடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெட்கப்பட்டாள். பெட்டிக்குள் அடியில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. எப்படிப் போட்டுக்கொள்வது என்று படம் போட்ட காகிதம். அதை ஒருத்தி விரித்துப் பார்த்துவிட்டு, "அய்யோ, நம்ம ரொட்டியம்மா!" என்று கத்தினாள்.

நான்தான். பச்சைச் சட்டை, நீலத் திரை. இரண்டு படம். ஒன்றின் கீழே 'முன்', இன்னொன்றின் கீழே 'பின்'.

எல்லாருக்கும் ஒரே குஷி. "சொல்லவே இல்லையே, சினிமாக்காரி ஆயிட்டியே" என்று தோளில் தட்டினார்கள். நானும் சிரித்தேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். மாவுக்காரி காகிதத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்டாள்: "முன்னாடி படத்துல பல் இல்ல. பின்னாடி படத்துல பல் இருக்கு. இது பல்லையும் முளைக்க வைக்குமா?"

மேஜையே குலுங்கச் சிரித்தார்கள். முதலில் சிரித்தவள் நான். சிரித்து முடித்து நிமிர்ந்தேன். என் வாயில் இருக்கும் ஓட்டையை ஆறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து போய் எடுத்த படத்தை முன்னால் வைத்திருக்கிறாய். ஜனவரியில் எடுத்ததைப் பின்னால் வைத்திருக்கிறாய். ஐம்பத்தாறு வயதாம் எனக்கு. நாற்பத்தொன்பது என்று உனக்குத் தெரியாதா? வயசைக் கூட்டினது போகட்டும், அதற்கு ஒரு நாள் சிரித்துக்கொள்ளலாம்.

படத்துக்குக் கீழே ஏதோ எழுதியிருந்தது. "உன்னைப் பத்தித்தான, நீயே படி" என்றார்கள். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், உனக்குத் தெரியும். விரலை வைத்துச் சத்தமாகப் படித்தேன். 'என்... கணவருக்கே... என்னை... அடையாளம்... தெரியவில்லை!' கடைசியில் ஆச்சரியக்குறி.

அந்த ஆச்சரியக்குறியை நான் போடவில்லை, தங்கச்சி.

மாவுக்காரி முகமூடியைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். "உன் முகத்த நம்பித்தான் வாங்கினேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மாவு பிசையப் போய்விட்டாள். இன்று என்னோடு பேசவில்லை. நான் ஏமாற்றிவிட்டேன் என்று நினைக்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் உன்னை விட்டுக்கொடுக்க வேண்டும். அதனால் இன்னும் சொல்லவில்லை.

என்ன ஆபீஸ் என்று இரண்டு தடவை கேட்டேன்.

அக்கா


ஜூலை 18

தங்கைக்கு,

ஐந்து வாரம் ஆயிற்று. உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் கடிதத்தில் மாமா எப்படி இருக்கிறார் என்று கடைசியில் எழுதியிருக்கிறாய், வேறு மையில். மடித்து உறையில் போடும்போது ஞாபகம் வந்திருக்கும். மை மாறியிருந்தது அப்போது என் கண்ணில் படவில்லை.

மாவுக்காரியிடம் நேற்று சொல்லிவிட்டேன். என் தங்கச்சி செய்தது என்று.

அக்கா


ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும் என்று நிஜமாகவே நினைத்து எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது அந்த முகமூடி கம்பெனியில்தான். டிசம்பரில் சேர்ந்தேன். ஆறு மாதம் பார்ப்பார்கள், பிறகுதான் நிரந்தரம். நிஜமான ஆட்களின் படம் வேண்டும், வீட்டில் யாராவது இருந்தால் கேளுங்கள் என்றார்கள். மற்றவர்கள் எல்லாரும் வீட்டில் கேட்டார்கள், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் உன்னிடம் கேட்கவே இல்லை. சும்மா அனுப்பச் சொன்னால் அனுப்புவாய் என்று தெரியும்.

முதல் இரண்டு படத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. மேனேஜர் படங்களைத் தூக்கி என் மேஜைமேல் போட்டார். அப்போதுதான் உன் மார்ச் கடிதம் வந்தது. மூன்றாவது படம் கைக்கு வந்ததும் வரிசையை மாற்றினால் போதும் என்று சொன்னவள் நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கீழே போட ஒரு வரி வேண்டும் என்றார்கள். உன் கடிதம் மேஜையில் விரிந்து கிடந்தது.

பல்லை நான் கவனிக்கவில்லை. அங்கே யாரும் கவனிக்கவில்லை. உன்னைத் தெரிந்தவர்கள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

இப்போது உன் படத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன். வேறு ஒருவர் படம் கிடைத்துவிட்டது. உன் தோழியின் பெட்டியை என் பெயருக்கு அனுப்பச் சொல், திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

வேறு என்ன செய்ய வேண்டும் சொல்.

தங்கை


ஆகஸ்ட் 29

தங்கைக்கு,

இங்கே எல்லாரும் சுகம்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பொய் எங்கேயும் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்பது உனக்குத் தெரியும். பல்லைக் காட்டச் சொன்னால் காட்டியிருப்பேன். வயசைக் கூட்டினாலும் சிரித்திருப்பேன். என்னைக் கேட்கக்கூட வேண்டாம் என்று எப்படித் தோன்றியது, அதை மட்டும் நீ எழுதவில்லை.

மூன்றாவது படம் கைக்கு வந்த அன்றைக்கு என் கண்ணைப் பார்த்தாயா, கண்ணுக்குக் கீழே இருக்கும் பையை மட்டும் பார்த்தாயா?

வேறு ஒருவர் படம் கிடைத்தது என்கிறாய். அவள் யாருக்கு அக்கா?

என் மூன்று படத்தையும் திருப்பி அனுப்பு. பதிவுத் தபாலில் அனுப்பு. வேறு ஒன்றும் வேண்டாம்.

அக்கா


செப்டம்பர் 22

தங்கைக்கு,

எல்லாரும் நலம். உன் மாமா ஒரு சுற்று பெருத்துவிட்டார். மாவுக்காரி மறுபடி பேசுகிறாள். அவள் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டதற்கு உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். தழும்பைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. என் முகமூடி பீரோமேல் கிடக்கிறது. அவ்வப்போது அந்தக் கடுகு வெளிச்சம் மட்டும் மினுங்கும், சார்ஜ் இல்லை என்று.

உன் உறை இன்று வந்தது. மூன்று கேட்டேன், இரண்டு இருந்தது. பல் இல்லாத படத்தை நீ வைத்துக்கொள்கிறாய், யாருக்கும் காட்டமாட்டாய், உன் மேஜை டிராயரில் இருக்கும், தினமும் பார்ப்பாய் என்று சீட்டு வைத்திருக்கிறாய். போன வருஷம் என்றால் படித்த உடனே நம்பியிருப்பேன். சீட்டை மடித்து வைத்திருக்கிறேன். நம்ப முடிந்த அன்றைக்கு எழுதுகிறேன். அதுவரை நீயும் எழுத வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அந்த உறையை வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரிடம் சொல்வது?

பதிவுத் தபால் என்பதால் தபால் ஆபீசுக்கு நேரில் வரச் சொன்னார்கள். குமாஸ்தா என் அடையாள அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அட்டையில் பல் இருக்கிறது. "இது நீங்கதானாம்மா?" என்றார். "நான்தான் சார்" என்று வாயைத் திறந்ததும் இன்னும் சந்தேகமாகிவிட்டது. பையைத் துழாவினேன். மாவுக்காரி பெட்டியை அனுப்பும்போது நான் எடுத்து வைத்துக்கொண்ட உன் கம்பெனிக் காகிதம் கிடைத்தது. அதில்தான் என் இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதே. அதைக் கொடுத்தேன். காகிதத்தையும் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, ரெண்டும் நீங்கதான்" என்று ஒப்புக்கொண்டார். கீழே இருந்த வரியையும் படித்தார். "நிஜமாவே உங்க வீட்டுக்காரருக்கு அடையாளம் தெரியலையா?" என்றார். ஆமாம் என்றேன். "இது எங்க கிடைக்கும்? என் வீட்டம்மா ரொம்ப நாளா கேக்கறாங்க" என்றார். வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். அந்த அவசரத்தில் ரசீதில் குத்த வேண்டிய முத்திரையைக் காகிதத்தில் குத்திவிட்டார். 'பின்' என்று போட்ட படத்தில், சரியாக என் நெற்றியில். தேதி தெளிவாக விழுந்திருக்கிறது.

அக்கா